குதிரைக்குத் தீனி போட்டாச்சு

கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் தண்ணி லாரி ஓட்டுகிறவன். வீடு ஜீவனஹள்ளி. படிப்பு எட்டாவது. எழுதிப் பழக்கம் கிடையாது. விரலுக்கு வேலை கொடுக்க தினமும் ஒரு பக்கம் எழுது என்று பிசியோதெரபி மேடம் சொன்னார். என்ன எழுதுவது என்று கேட்டேன். உனக்கு வந்ததையே எழுது, நாளைக்கு இன்னொருத்தருக்கு வந்தால் தெரிந்துகொள்வார்கள் என்றார். அதனால் இடது கையால் கிறுக்கி எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு கேம் பெட்டி இருக்கிறது. என் மனைவி ரேவதியின் தம்பி தினேஷ் கொடுத்தது. அவன் புதுசு வாங்கிக்கொண்டு பழசை என்னிடம் தள்ளிவிட்டான். அதில் நான் ஆடுவது ஒரே ஒரு ஆட்டம். அந்தக் காலத்து அமெரிக்கா. தொப்பி போட்ட ஒருத்தன், ஒரு குதிரை, இடுப்பில் துப்பாக்கி. மலை, ஆறு, புல்வெளி, நடுநடுவே சின்ன ஊர்கள். கொள்ளைக்காரர்களைத் தேடிப் போய்ச் சுட வேண்டும் என்று ஒரு கதை இருக்கிறது. கதையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை விட்டுவிட்டுக் குதிரையில் ஏறி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். விடியலில் இருந்து லாரியோடு ஹெண்ணூர் ரோட்டில் நிற்கிறவனுக்கு அது போதும். அந்த நாட்டில் சிக்னல் கிடையாது.

என் குதிரை கறுப்பு. முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, ஒற்றை சாக்ஸ் போட்ட மாதிரி. கடையில் வாங்கியது இல்லை. பனிமலைக்கு மேலே காட்டில் பிடித்துப் பழக்கியது. பெயர் வைக்கச் சொல்லும். கருப்பி என்று வைத்தேன்.

இந்த ஆட்டத்தில் மனிதன் செத்தால் திரும்ப எழுந்து வருவான். குதிரை செத்தால் செத்ததுதான். அதனால் சுடுகிற இடத்துக்குக் கருப்பியைக் கொண்டுபோக மாட்டேன். தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். தினேஷ் சிரிப்பான்.

"இன்னா மாமா, டிராபிக் போலீஸுக்குப் பயந்து வண்டிய ரெண்டு தெரு தள்ளி வுட்டுட்டுப் போற மாதிரி போற."

குதிரை வேகமாக ஓட வேண்டும் என்றால் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலால் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால் நடக்கும். ஒரு நாள் சாயங்காலம் நாலு பேர் துரத்தினார்கள். தட்டினேன். ஓடவில்லை. துப்பாக்கி எடுக்க ஆள்காட்டி விரலால் அமுக்க வேண்டும். அமுக்கினேன். தாமதமாக வந்தது. என் ஆள் விழுந்தான். கருப்பிக்கும் குண்டு பட்டது. என் ஆள் எழுந்து வந்ததும் அதற்கு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தேன்.

மறுநாள் லாரியை விட்டதும் கன்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்தார், துடைத்தார், தன் பெட்டியில் மாட்டித் தட்டிக் காட்டினார். பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது, சும்மா காசைச் செலவு பண்ணாதே என்றார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்துக் கடையில் செகண்ட் ஹேண்டில் இன்னொன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினேன். அதிலும் குதிரை ஓடவில்லை. இதையும் கெட்டதாகப் பார்த்துத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினேன்.

அப்போதே பாதம் இரண்டும் பஞ்சு மேலே நடக்கிற மாதிரி இருந்தது. அது கிளட்சும் பிரேக்கும் மிதித்த களைப்பு என்று விட்டேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வயிற்றால் போய், தானாக நின்றது. அதை மறந்தே போயிருந்தேன்.

அடுத்த நாள் லாரியில் ஏறக் காலைத் தூக்கினேன். கால் படிக்கு வரவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தேன். கை நழுவியது. ரோட்டில் விழுந்தேன். தண்ணி ஏற்றுகிற போர்வெல் ஆட்கள் தூக்கி உட்கார வைத்தார்கள்.

ரேவதி கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். பர்மிஷன் போட்டு வந்தாள். வந்ததும் என் கையைத்தான் பார்த்தாள்.

"எந்நேரமும் அந்த ரிமோட்ட அமுக்கிக்கினே கெடந்தா கை இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்து கிளினிக்கில் சத்து ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தேன். இன்னொரு நாள் அப்படிப் போனது. காலையில் டம்ளர் கையில் நிற்கவில்லை. அவள் வாயில் ஊற்றிய டீ மூக்கு வழியாக வந்தது. அதைப் பார்த்துத்தான் ரேவதி பயந்தாள். தினேஷ் ஆட்டோ கொண்டுவந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கை மரத்தால் ஆயிரம் காரணம் இருக்கும். இரண்டு காலும் இரண்டு கையும் ஒரே மாதிரி மரத்து, பலம் குறைந்து, நாளுக்கு நாள் மேலே ஏறினால் நிற்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கன்னடக்காரர், தமிழும் பேசினார். ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் உதற வேண்டும். உதறவில்லை. எப்போதிருந்து என்று கேட்டார். கன்ட்ரோலர் கதையைச் சொன்னேன். நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார்.

"ரெண்டு கன்ட்ரோலர் மாத்தினீங்க. கையை யாருக்கும் காட்டல?"

இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நன்றாக மூச்சை இழுத்து, விடாமல் ஒன்று இரண்டு எண்ணுங்கள் என்றார். பதினெட்டில் மூச்சு முடிந்தது. எழுதிக்கொண்டார். இனி யார் வந்து கேட்டாலும் இப்படி எண்ண வேண்டும், இதுதான் உங்கள் மீட்டர் என்றார். மூச்சு இழுக்கிற தசைக்குப் பலம் இருக்கிறதா என்று அதில் தெரியுமாம்.

ஆட்டத்தில் பெரிய துப்பாக்கியால் குறி வைக்கும்போது அவன் மூச்சைப் பிடிப்பான். பிடித்திருக்கும் வரை கை ஆடாது. அது ஞாபகம் வந்தது.

நோய்க்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் சொன்னார். சுருக்கமாக ஜி.பி.எஸ். வயிற்றில் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையை அனுப்புகிறது. கிருமி போன பிறகும் அந்தப் படை நிற்காமல் நம் நரம்பையே அடிக்கிறது. வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, நரம்புக்கும் அப்படி ஒன்று உண்டு. அது உரிந்துபோகிறது. கரண்ட் கடைசி வரை போவதில்லை. கடைசி என்றால் விரல். அதனால்தான் அங்கே முதலில் தெரிந்தது. விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ரேவதி அதை இரண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டாள்.

அன்று முழுக்க டெஸ்ட். நரம்பு டெஸ்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் இடமில்லை. வீல் சேரில் வரிசையில் நின்றோம். எல்லோர் மடியிலும் பிளாஸ்டிக் கவரில் பைல். உள்ளே கையிலும் காலிலும் கரண்ட் வைத்து, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெஷினில் பார்த்தார்கள். சுருக் சுருக்கென்று இருக்கும். பிறகு முதுகெலும்பில் ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். பூனை மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். ரேவதி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போடுகிற பேப்பர் எல்லாம் கன்னடம். அவள் கன்னட மீடியம். படித்துப் படித்துப் போட்டாள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

வைத்தியம் இரண்டு விதம். ஒன்று ஊசி மருந்து. அதன் விலைக்கு லாரிக்கு எல்லா டயரும் மாற்றி மிச்சமும் இருக்கும். இன்னொன்று, கழுத்தில் குழாய் விட்டு ரத்தத்தை மெஷினுக்கு எடுத்து, அதில் இருக்கும் மஞ்சள் நீரை நீக்கி, வேறு நீர் சேர்த்துத் திரும்ப விடுவது. நம்மையே அடிக்கிற படை அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறது. இது விலை குறைவு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்கள். ரேவதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். கேம் பெட்டியையும் விற்றுவிடலாம் என்று தினேஷ் சொல்லியிருக்கிறான். அது இருக்கட்டும் என்றாளாம்.

எண்ணிக்கை பதினைந்துக்கு இறங்கியது. அப்புறம் பன்னிரண்டு. ஒன்பதில் டாக்டரம்மா ரேவதியைக் கூப்பிட்டார். மூச்சு மெஷின் வைக்க வேண்டும், தொண்டைக்குள் குழாய் போகும், பேச முடியாது. எனக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். ரேவதி கேட்டாள்.

"திரும்ப வருவாரா?"

"முக்காவாசிப் பேர் வந்துடறாங்க. சில பேருக்குக் கை கால் முழுசா வராது. கொஞ்சம் பேர் வர்றதில்ல. இவர் எதுல இருக்கார்னு இப்ப எனக்குத் தெரியாது."

லாரி ஓட்டுவாரா என்று கேட்டாள். அதை இப்போது கேட்காதீர்கள் என்றார். எனக்கு அந்த டாக்டரம்மாவைப் பிடித்துப்போனது. பொய் சொல்லவில்லை.

ஐ.சி.யு.வில் விளக்கு அணைவதே இல்லை. முழுசாக விழிப்பு இருந்தது. உடம்பு மட்டும் இல்லை. விரல் நுனி கூட அசையவில்லை. மூக்கில் அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கும். மெஷின் காற்றைத் தள்ளும், நெஞ்சு ஏறும். நான் மூச்சு விடவில்லை, எனக்கு விட்டார்கள். கண் இமை மட்டும் என்னுடையது. ஒரு தரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை. ஆட்டத்தில் சாகிறபோது திரை சாம்பல் நிறமாகும், கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வரும். இங்கே அப்படி எதுவும் வரவில்லை. செத்துவிட்டால் பரவாயில்லை என்று சில நேரம் இருந்தது. அதைச் சொல்லவும் வாய் இல்லை.

கேரளத்து சிஸ்டர் ஒருவர் ரேவதியிடம் சொன்னார், இவருக்கு எல்லாம் கேட்கும், ஏதாவது பேசுங்கள், பேச்சு இல்லாவிட்டால் மனசு போய்விடும் என்று. ரேவதியும் என்னை மாதிரித்தான், பேச்சு கிடையாது. முதல் நாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டேன் என்றாள். போய்விட்டாள். மறுநாள் வந்து குனிந்தாள்.

"குதிரைக்குத் தீனி போட்டேன்."

நான் நம்பவில்லை. அவள் அந்த ரிமோட்டைத் துடைப்பத்தால் கூடத் தொட மாட்டாள்.

"தினேஷு சொல்லிக் குடுத்தான். பசி வட்டம் பாதிக்குக் கொறஞ்சி கெடந்துச்சு. நீ இல்லாம அதுக்கு யார் போடுவா?"

குதிரையின் பசியைத் திரை ஓரத்தில் ஒரு வட்டம் காட்டும். பெட்டியை அணைத்துவிட்டால் அந்தக் குதிரைக்குப் பசிக்காது. அணைத்த இடத்தில் அணைத்தபடி அப்படியே நிற்கும். ஒரு வருஷம் கழித்துத் திறந்தாலும் நிற்கும். இது எனக்குத் தெரியும். தினேஷுக்கும் தெரியும். அவனைப் பிறகு கேட்டேன். அக்கா வேலை விட்டு வந்து லைட் கூடப் போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது மாமா, அதனால் சொல்லவில்லை என்றான்.

அதற்குப் பிறகு தினமும் பார்வையாளர் நேரத்துக்கு நான் காத்திருந்தேன். டவுனுக்குப் போனாளாம். கடைக்காரனுக்கு வணக்கம் சொல்லலாம் என்று ஒரு பட்டனை அமுக்கினாளாம்.

"துப்பாக்கிய நீட்டிட்டேன் யா. அவன் கத்தறான். ஊரே தொரத்துது. நான் கருப்பி மேல ஏறி ஓடறேன். தலைக்கு வெல வெச்சுட்டாங்க. உன் பேர நான் கெடுத்துட்டேன் அங்க."

குழாய் இருந்தால் சிரிக்க முடியாது. கண்ணில் தண்ணி வந்தது. சிஸ்டர் வந்து துடைத்தார்.

பக்கத்து பெட்டில் கோலார் பக்கத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு வந்ததே அவருக்கும். அவர் மகள் தமிழும் கன்னடமும் கலந்து பேசும். அப்பாவும் குதிரைக் கதை கேட்கிறார், கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று ரேவதியிடம் சொன்னது. அது முதல் ரேவதி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று சொல்வாள். அவர் முகம் எனக்குத் தெரியாது. என் தலை திரும்பாது. அவர் மெஷின் சத்தம் தெரியும். என் மெஷினுக்குக் கொஞ்சம் பிந்தி மூச்சு விடும்.

ஒரு நாள் திரையை இழுத்தார்கள். நிறைய கால் ஓடியது. பிறகு அந்த மெஷின் சத்தம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த மகள் அழுதது கேட்டது. சிஸ்டர் என்னிடம் வந்து, பெரியவருக்குப் பரவாயில்லை, வார்டுக்கு மாற்றிவிட்டோம் என்றார். நான் கண்ணை ஒரு தரம் மூடினேன்.

அன்று ரேவதி வந்தாள். காலிக் கட்டிலைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. குதிரை பற்றியும் சொல்லவில்லை. வீட்டில் கரண்ட் இல்லை என்றாள். நேரம் முடியும் வரை என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டது எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வந்து, குதிரைக்குத் தீனி போட்டாச்சு என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் அவ்வளவுதான். டவுன் இல்லை, துரத்தல் இல்லை. போட்டாச்சு என்பாள், காலைத் தேய்ப்பாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் நீர் எடுப்பது ஐந்து தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் குளிரும். வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போட்டு அதில் குழாய் வைத்தார்கள். நாள் அதிகம் ஆனால் அதுதான் நல்லதாம். பிறகு தோள் கொஞ்சம் அசைந்தது. மெஷினைக் கொஞ்ச நேரம் கழற்றி, நானே விடுகிறேனா என்று பார்ப்பார்கள். முதல் தடவை தண்ணிக்குள் அமுக்கின மாதிரி இருந்தது. சைகை காட்டக்கூட முடியாது. மறுபடி மாட்டினார்கள். அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் நேரம். அப்படியே. குழாயை எடுத்துக் கழுத்து ஓட்டையை மூடிய அன்று டாக்டரம்மா எண்ணச் சொன்னார். சத்தம் காற்று மாதிரி வந்தது. பதினொன்று. ரேவதி கதவுக்கு வெளியே நின்று விரல் விட்டு எண்ணியிருக்கிறாள்.

மூச்சு வந்தது. கை வரவில்லை.

வீட்டுக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தினேஷ் ஒரு பக்கம், அவன் சிநேகிதன் ஒரு பக்கம். கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். டிவியைப் போடவா என்று தினேஷ் கேட்டான். பெட்டியைப் போடு என்றேன். அவன் ரேவதியைப் பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

திரை வந்தது. ஆற்றங்கரை. குதிரை நின்றது. கறுப்பு. மேலே பெயர் கருப்பி. நாலு காலும் கறுப்பு.

ஆட்டத்தில் நான் சேர்த்து வைத்திருந்த டாலர் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"தீனி போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன்."

நல்ல குதிரை என்றேன். தினேஷ் டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. நரம்பு உறை திரும்ப வளர்வது நகம் வளர்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. மூத்திரத்துக்கு, குளிப்பதற்கு, சோற்றுக்கு எல்லாம் ரேவதிதான். ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். கீழ் வீட்டுக்காரி மத்தியானம் வந்து என்னைத் திருப்பிப் படுக்க வைப்பாள். லாரிக்கு ஓனர் வேறு ஆள் போட்டார். கை வந்ததும் வா என்றார். அவர் முகத்தில் நம்பிக்கையில்லை. என் முகத்திலும் இருந்திருக்காது. பிசியோதெரபி மேடம் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார், துணி கிளிப்பைத் திறக்கச் சொன்னார். கிளிப் திறக்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துப் பழகலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

பழைய கன்ட்ரோலர்தான். ரிப்பேர் கடைக்காரர் சரியாக இருக்கிறது என்று சொன்னது.

இடது கட்டைவிரல் முதலில் வந்தது. குச்சியைத் தள்ள முடிந்தது. குதிரை நடந்தது. வலது விரல் பட்டன் மேல் கிடக்கும், அமுங்காது. அதனால் பல வாரம் நடைதான். எந்த ஊருக்குப் போனாலும் நடை. கொள்ளைக்காரர்கள் வந்தால் செத்து எழுந்திருப்பேன். குதிரையை மட்டும் முன்னாலேயே தள்ளி நிறுத்திவிடுவேன். தினேஷ் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் பட்டன் அமுங்கியது. நானாக அமுக்கினேனா, விரல் விழுந்து அமுங்கியதா என்று தெரியவில்லை. மறுபடி பண்ணிப் பார்த்தேன். அமுங்கியது. தட்டினேன். விட்டு விட்டுத் தட்டினேன். குதிரை ஓடியது. கொஞ்ச தூரம்தான். விரல் நின்றதும் நின்றது. மறுபடி தட்டினேன்.

அடுப்படியில் இருந்த ரேவதிக்குக் குளம்புச் சத்தம் மாறியது தெரிந்திருக்கிறது. ஈரக் கையோடு வந்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

என் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அது அந்தக் குதிர இல்ல."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"வந்த அன்னிக்கே."

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு சொன்னாள். தீனி போட்டுவிட்டுச் சும்மா ஒரு சுற்று போகலாம் என்று போயிருக்கிறாள். பெரிய பாலம், மேலே தண்டவாளம். எதிரே ரயில் வந்துவிட்டது. எந்தப் பட்டன் அமுக்கினால் திரும்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லா பட்டனையும் அமுக்கியிருக்கிறாள்.

"ஆளு எழுந்து வந்துட்டான். அது வரல. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வர்றேன், பக்கத்து பெட்டும் காலி. எனக்கு வாயே வரல. நீ கேட்டுடுவியோன்னு பயம்."

நான் எங்கே கேட்பது, வாயில் குழாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"பசியில செத்துடக் கூடாதுன்னுதான் தெனம் தொறந்தேன்."

ஆமாம் என்றேன்.

பெட்டியை அணைத்தால் குதிரைக்குப் பசிக்காது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. தினேஷிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதில் எழுதியிருக்கிறேன். இது தமிழ், அவள் படிக்க மாட்டாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். உள்ளே இருந்து, அணைக்கும் முன்னால் அதற்குத் தீனி போட்டுவிடு என்றாள்.

அதற்கும் வலது விரல்தான் வேண்டும். மூன்றாவது தடவையில் அமுங்கியது. போட்டேன்.